பதினான்காவது கட்டம்

என்னுடைய லைசென்ஸில் பதினேழு வருடம் நான்கு மாதம் என்று போட்டிருந்தது. ஐம்பத்தெட்டு வயது ஆளுக்கு எங்கள் ஊரில் அதுவரை அவ்வளவு வந்ததில்லை. அட்டையைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சதீஷ் டிரைவிங் ஸ்கூல் வாசலில் மாட்டிவைத்தேன். சதீஷ்குமார் என்பது நான்தான். அந்தச் சட்டத்தை இப்போது கழற்றிவிட்டேன். ஆணி மட்டும் இருக்கிறது.

முன்பெல்லாம் லைசென்ஸைப் புதுப்பிப்பது ஒரு காலைப்பொழுது வேலை. ஃபாரம், டாக்டர் கையெழுத்து, போட்டோ. இத்தனை வருடம் என்று எல்லோருக்கும் ஒரே அளவு. ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கூண்டு வந்தது. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஒரு கண்ணாடி அறை, உள்ளே ஒரு சீட்டும் ஸ்டீயரிங்கும், சுற்றிலும் திரை. பதினோரு நிமிடம் ஓட்ட வேண்டும். ஆடு குறுக்கே வரும், லாரி சொல்லாமல் திரும்பும், மழை அடிக்கும். கூண்டு உங்கள் கண்ணையும் கையையும் நரம்பையும் பார்த்துக் கணக்குப் போட்டு, இந்தக் கையை எந்தத் தேதி வரைக்கும் நம்பலாம் என்று அச்சடித்துக் கொடுக்கும். அண்ணனுக்கு ஒன்பது வருடம் வரும், தம்பிக்கு இருபத்திரண்டு வரும். தேதி முடிந்தால் திரும்பவும் வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நம் ஜனம் விட்டுவிடுமா? கூண்டு சொன்னது கையின் தேதி. ஊர் அதை ஆளின் தேதியாக்கிவிட்டது. கூண்டில் ஏறும் முன் முனியாண்டி கோயிலில் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தைக் கீழே வைத்துவிட்டு, "லைசென்ஸ் நகல் ஒண்ணு அனுப்புங்க" என்றார்கள். வரன் விளம்பரத்தில் வயது, படிப்பு, சம்பளத்தோடு "லை. 24 வருடம்" என்பதும் சேர்ந்தது. தேதிப் பொருத்தம் என்று ஒரு பேச்சே பிறந்துவிட்டது. கேட்டவர்களிடம் எல்லாம், "அட, அது ஆயுசு இல்லைய்யா, கை நிதானம்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் நானும் நம்பத்தான் செய்தேன். பதினேழு வருடம் வந்தவன் நம்பாமல் இருப்பானா?

தருண் என் ஸ்கூலில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். இருபத்திரண்டு வயதில் வந்து சேர்ந்தான். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாமல் அழுகிற பெண்களைக்கூடப் பத்தே நாளில் எட்டுப் போட வைத்துவிடுவான். குரல் உயராது. என் மகள் கனிஷ்காவுக்கு அவனைப் பிடித்திருந்தது என்பது எனக்கும் என் மனைவி சுகன்யாவுக்கும் தெரியும். எங்களுக்கும் பிடித்திருந்தது. அவன் அம்மா ஒரு நாள் வெற்றிலை பாக்கோடு வந்து பேசிவிட்டுக்கூடப் போனார்கள். தையில் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

அந்த ஐப்பசியில் அவன் லைசென்ஸ் முடிந்தது. நானே ஃபாரம் நிரப்பி, நானே கூட்டிக்கொண்டு போனேன். "மாப்பிள்ளைக்கு முப்பது வருஷமாவது வரும் பாரு" என்று வழியெல்லாம் கிண்டல் செய்தேன். கூண்டிலிருந்து அட்டையோடு வெளியே வந்தான். இரண்டு வருடம் இரண்டு மாதம்.

சொல்லிக்கொடுக்கிறவனுக்கு ஐந்து வருடமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். வேலை தானாகப் போனது. மற்றதை நான் அறுத்தேன்.

"தம்பி, மனசுல ஒண்ணும் வச்சுக்காத. ரெண்டு வருஷம் வந்தவனுக்கு எம் பொண்ணைக் கட்டிக் குடுக்க முடியாது" என்றேன்.

அவன் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். "சரிங்க சார்" என்றான். வண்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனான். அந்த "சரிங்க சார்" மூன்று வருடமாக என் காதில் இருக்கிறது.

கனிஷ்கா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கூண்டு வருவதற்கு முன் எடுத்த பழைய அட்டை அவளுடையது. அதன் காலமும் போன வருடம் சித்திரையில் முடிந்தது. புதுப்பிக்கச் சொன்னால், "நான் எங்கப்பா போகப் போறேன்" என்பாள். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. கரூரிலிருந்து ஒரு வரன் வந்து, அவர்களும் நகல் கேட்ட பிறகுதான், நானும் அவள் அம்மாவும் மாறி மாறிக் கெஞ்சி அவளைக் கிளப்பினோம்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேப்பமரத்தடியில், கார் பானெட்டின் மேல் வைத்து ஃபாரத்தை நிரப்பினேன். மொத்தம் பதினெட்டுக் கட்டம். ஆறு வருடப் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவேன். அவள் கையெழுத்துப் போட்டாள். கூண்டுக்குள் போனாள். பதினோரு நிமிடம் கழித்து அட்டையோடு வெளியே வந்து என்னிடம் நீட்டினாள்.

இரண்டு வருடம் ஒரு மாதம்.

அந்த நிமிடத்தில் எனக்கு முதலில் வந்த நினைப்பு என் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்பது அல்ல. கரூர்க்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

"அப்பா, வேர்க்குதுப்பா உங்களுக்கு. உக்காருங்க" என்று கனிஷ்காதான் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். அவள் முகத்தில் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை. அவள் எதையும் எதிர்பார்த்து வரவில்லை.

அப்போதுதான் உள்ளே கூப்பிட்டார்கள். புது பிரேக் இன்ஸ்பெக்டர், ஃபர்ஸானா என்று பெயர், இரண்டு மாதம் முன்னால் மாற்றலாகி வந்த பெண். மேசையில் கனிஷ்காவின் ஃபாரம் இருந்தது.

"பதினாலாவது கட்டத்தை யாரு சார் நிரப்புனது?"

"எங்க ஸ்கூல் ஃபாரம் எல்லாமே நான்தான் மேடம் நிரப்புவேன்."

"பதினாலுல என்ன கேட்டிருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

எனக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. ஃபாரத்தை என் பக்கம் திருப்பினார். 'முதன்மைக் கை: இடது, வலது.' வலதில் என் டிக். வால் நீண்டு சாய்ந்திருக்கும் டிக்.

"கீழ பொடி எழுத்துல போட்டிருக்கே, விண்ணப்பதாரர் எதிர்பாக்காத நேரத்துல பந்தைப் போட்டு, எந்தக் கையால பிடிக்கிறாருன்னு பாத்து நிரப்பணும்னு. எல்லா ஸ்கூலுக்கும் மஞ்சப் பந்து ஒண்ணு அனுப்பினாங்களே, வந்துச்சா?"

வந்தது. சுற்றறிக்கையோடு வந்த அந்த ரப்பர் பந்தைப் பார்த்து நானும் தருணும் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. "வயசான காலத்துல நம்மளைப் பந்து விளையாடச் சொல்றாய்ங்க" என்று மேசையின் கடைசி இழுப்பறையில் போட்டேன்.

"வந்துச்சு மேடம். ஆனா எல்லாரும் வலது கைதானே. யாரும் இடதுன்னு சொன்னதில்ல."

"சொல்ல மாட்டாங்க சார். அதுக்குத்தான் பந்து." திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கனிஷ்கா கூண்டுக்குள் ஓட்டிய படம் மெதுவாக ஓடியது. "ஆடு குறுக்க வருது, பாருங்க. முதல்ல இடது கை துடிக்குது. அப்புறம் அதை அடக்கிட்டு வலது கை வேலை செய்யுது. லாரி வரும்போதும் அப்படித்தான். நீங்க வலதுன்னு டிக் அடிச்சிருக்கீங்க. கூண்டு என்ன நெனைக்கும்? நரம்புல ஏதோ குழப்பம், போகப் போகக் கூடத்தான் செய்யும்னு எடுத்துக்கிட்டுத் தேதியைக் குறைச்சிருச்சு. இடதுன்னு இருந்தா, இந்தக் கை முந்துறது சரிதான்னு விட்டிருக்கும்." பிறகு கனிஷ்காவிடம் கேட்டார். "சின்ன வயசுல இடது கையாம்மா?"

"சாப்பிடும்போது இந்தக் கையை கர்ச்சீப்பால கட்டி விடுவாங்க மேடம்" என்றாள் கனிஷ்கா. என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

கட்டியவன் நான். நான்கு வயதில், எல்.கே.ஜி. சேர்ப்பதற்கு முன். பீச்சாங்கையால் சாப்பிட்டால் பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள் என்று, நீலக் கட்டம் போட்ட கர்ச்சீப்பால் நாற்காலிக் கையோடு சேர்த்துக் கட்டுவேன். இரண்டு மாதத்தில் பழகிவிட்டாள். கெட்டிக்காரப் பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

"பொறந்த கை எங்கயும் போகாது சார். பழக்கம் அதுக்கு மேல ஒட்டிக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான்" என்றார் இன்ஸ்பெக்டர். "நான் வந்ததும் உங்க ஸ்கூல் ஃபாரம் எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன். ஆறு வருஷத்துல மூவாயிரத்துச் சொச்சம் பேரு. ஒரு இடதுகூட இல்ல. உங்க ஊருல இடதுகைக்காரங்களே பொறக்கலையா?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது எதிர்த்துப் பேசித் தப்பித்திருப்பேன்.

திருத்துவது கஷ்டமே இல்லையாம். கட்டத்தை மாற்றி எழுதிவிட்டு அன்றைக்கே திரும்பக் கூண்டில் உட்காரலாம். புது ஃபாரத்தில் கனிஷ்கா தானே இடதில் டிக் அடித்தாள். அதே பதினோரு நிமிடம், அதே ஆடு, அதே லாரி. இருபத்தொரு வருடம் ஆறு மாதம்.

வராந்தாவுக்கு வந்ததும் அவள் நின்றாள்.

"தருணுக்கு யாருப்பா ஃபாரம் நிரப்புனது?"

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பொய் ஒன்று நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"நான்தாம்மா."

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பீஸ் ரசீது புத்தகத்தை அவன் இடது கையால் வாங்கினான். "பெரியவங்க குடுத்தா வலது கையால வாங்குப்பா" என்றேன். "அம்மாகூட இதுக்குத்தான் சூடு வச்சாங்க சார்" என்று சிரித்தபடி கை மாற்றிக்கொண்டான். ஆறு வருடம் என் கண் முன்னால் இருந்த கை. என் டிக் அவனுக்குக் கொடுத்த தேதியை வைத்து நானே அவனைத் தள்ளிவைத்தேன்.

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு செடி நர்சரியில் வேலை பார்க்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். "போலாம்ப்பா" என்றாள் கனிஷ்கா. புது அட்டையோடு அவள்தான் ஓட்டினாள். போகிற வழியில் ஸ்கூலில் நிறுத்தச் சொல்லி, பழைய எல்-போர்டுகளுக்கு அடியில் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டேன். மூன்று வருடத்துக்கு அப்புறம் அவள் கண்ணாடியில் முடியை ஒதுக்கிக்கொள்வதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நர்சரி வாசலில் அவள் காரிலேயே இருந்தாள். "நீங்க முதல்ல சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் வர்றேன்."

தருண் வரிசையாக வைத்திருந்த பைகளுக்கு மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். "வாங்க சார்" என்று எழுந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், பையிலிருந்து பந்தை எடுத்துச் சொல்லாமல் கொள்ளாமல் அவன் மேல் எறிந்தேன்.

பிடித்தான். இடது கையில்.

பந்தைப் பார்த்தான். அடையாளம் தெரிந்தது அவனுக்கு. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பதினான்காவது கட்டம், கூண்டின் கணக்கு, கனிஷ்காவின் இரண்டு வருடம் ஒரு மாதம், பிறகு வந்த இருபத்தொரு வருடம். சொல்லச் சொல்ல அவன் பந்தை உருட்டிக்கொண்டே இருந்தான்.

"அம்மா இருந்தா இதைக் கேட்டிருக்கும்" என்றான்.

"அம்மா..."

"போய்ச் சேந்துருச்சு சார். என் தேதிக்கு நாலு மாசம் இருக்கும்போது. காலண்டர் தாளைக் கிழிக்கவே பயப்படும். நானும் பயந்தேன், மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? இங்க வேலைக்கு வந்தும் பப்பாளி, முருங்கைன்னு சீக்கிரம் காய்க்கிறதா மட்டும்தான் வச்சேன். அதுக்கு மேல எதையும் பாக்க மாட்டோம்னு நெனைப்பு. போன மார்கழியில தேதி வந்துச்சு. அன்னிக்குப் பூராவும் வெளியவே வரல. மறுநாளும் விடிஞ்சுச்சு. எந்திரிச்சுப் போயி ஒரு மாங்கன்னு வச்சேன்."

வேலியோரம் அது இடுப்பு உயரத்துக்கு நின்றது.

"தம்பி, ஃபாரம் கொண்டாந்திருக்கேன். இன்னிக்கே வா. திருத்திப் புதுப்பிச்சிரலாம். இருபது வருஷத்துக்கு மேல வரும். கனிஷ்கா வெளியதான் இருக்கா. நான்... நீ எப்ப சொல்றியோ அப்ப கல்யாணத்தை வச்சுக்கலாம்."

என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது. வண்டி மாற்றிக் கொடுக்கிற வியாபாரி மாதிரி பேசினேன்.

தருண் தோட்டத்தின் அந்தக் கோடியைப் பார்த்தான். மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் மல்லிகைப் பதியன்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"போன மாசம் நிச்சயம் ஆச்சு சார். வைஷ்ணவின்னு பேரு. இங்கதான் வேலை பாக்குது. நானாத்தான் கேட்டேன். கேக்குறதுக்கு முன்னாடி இந்த அட்டையைக் காட்டினேன், எல்லாம் தெரியட்டும்னு." சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டான். "முடிஞ்சுபோன அட்டையை எதுக்கு என்கிட்ட காட்டுறீங்கன்னு கேட்டுச்சு. தேதியே பாக்கல சார்."

நான் ஃபாரத்தை மட்டும் நீட்டினேன்.

"இருக்கட்டும் சார். கூண்டுக்கு இனிமே வர்றதா இல்ல. நடந்தே போயிப் பழகிட்டேன். தேதி முடிஞ்சதுக்கப்புறம்தான் நல்லாத் தூங்குறேன்." பந்தை இடது கையாலேயே என்னிடம் கொடுத்தான். இந்தத் தடவை கை மாற்றவில்லை. நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

கனிஷ்கா இறங்கி வந்தாள். நான் காருக்குப் போய்விட்டேன். மாங்கன்றுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் ஐந்து நிமிடம் நின்று பேசினார்கள். ஒரு முறை அவன் சிரித்தான். ஒரு முறை அவள் அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தாள். திரும்பி வந்து ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து சாவியைத் திருகாமல் இருந்தாள்.

"அந்தக்கா தேதியே கேக்கலையாம்ப்பா" என்றாள்.

"ம்."

"நானும் கேக்கல. நீங்கதான் கேட்டீங்க."

அதற்குப் பிறகு வீடு வரும் வரைக்கும் அவள் அழுதுகொண்டே ஓட்டினாள். வண்டி கொஞ்சமும் அலையவில்லை. தருண் சொல்லிக்கொடுத்த கை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என் அப்பா எதற்கெடுத்தாலும் சொல்வார். எனக்கென்று சொல்லிவைத்தது போல இருந்தது.

கரூருக்கு நகல் போகவில்லை. இருபத்தொரு வருட அட்டை அவள் பையிலேயே கிடக்கிறது. பழைய ஃபாரங்களின் நகலை எல்லாம் பரணிலிருந்து இறக்கினேன். யார் யாருக்குத் தப்பாக அடித்தேன் என்று பார்த்துவிடலாம் என்றுதான் இறக்கினேன். மூவாயிரத்துச் சொச்சத்திலும் ஒரே டிக், ஒரே சாய்வு. அதை வைத்து என்ன கண்டுபிடிப்பது? குறைந்த தேதி வந்தவர்களைத் தனியாகப் பிரித்து, ஒவ்வொருவராகப் போன் செய்து கூப்பிடுகிறேன். லாரியை விற்றுவிட்டு ஊரைவிட்டே போனவர் ஒருவர். நிச்சயம் முறிந்த பெண் ஒருத்தி. சிலர் திட்டுகிறார்கள். சிலர் வந்து பந்தைப் பிடிக்கிறார்கள். இதுவரை நாற்பத்தொரு பேர் இடது கையால் பிடித்திருக்கிறார்கள்.

நிலக்கோட்டையிலிருந்து வந்த அன்று மத்தியானம் சுகன்யா எதுவும் கேட்காமல் சாப்பாடு எடுத்துவைத்தாள். கனிஷ்கா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இடது கையால் சோற்றைப் பிசைந்தாள். இருபத்துமூன்று வருடம் பழக்கம் இல்லாத கை, சாம்பார் மணிக்கட்டு வரை வழிந்தது. சுகன்யா என்னைப் பார்த்தாள். கனிஷ்கா நிமிரவே இல்லை.

அவளுடைய தண்ணீர் டம்ளர் எப்போதும் போல இடது பக்கம் இருந்தது. அதை எடுத்து அவளுக்கு வலது பக்கம் வைத்தேன்.